எக்கோவும் வயிற்று ஸ்கேனும் ஃபேப்ரி நோயைக் காட்டிக்கொடுக்குமா?

1. கேள்வியின் எல்லை

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊரில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது, காலில் வீக்கம் தெரிகிறது என்றால், நகரத்துக்கு வந்ததும் அவருக்கு எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் இரண்டு: நெஞ்சுக்கு எக்கோ, வயிற்றுக்கு ஸ்கேன். இரண்டுமே ஒலியலையால் எடுக்கப்படுபவை. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, செலவும் தாங்கக்கூடியது. எக்கோ அறிக்கையில் 'இதயச் சுவர் தடித்திருக்கிறது' என்று ஒரு வரி இருக்கும். ஸ்கேன் அறிக்கையில் 'கிட்னியில் நீர் கோத்திருக்கிறது' என்றோ 'சிறு நீர்க்கட்டிகள் உள்ளன' என்றோ இன்னொரு வரி. முதல் வரி இதய மருத்துவரிடமும் இரண்டாவது சிறுநீரக மருத்துவரிடமும் போய்ச் சேரும்.

இந்த இரண்டு வரிகளையும் ஒருவரே சேர்த்துப் படித்தால், ஃபேப்ரி என்னும் பரம்பரை வளர்சிதை நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி. முடியும் என்று நம்பிக்கையூட்டிய ஆய்வுகள் உண்டு. அவற்றை மறுத்த ஆய்வுகளும் உண்டு. இரு தரப்பையும் எடைபோட்டுவிட்டு, நம் ஊர் நடைமுறையில் இதற்கு என்ன மதிப்பு என்று பார்க்கலாம்.

2. நோயைப் பற்றிச் சுருக்கமாக

1898இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரத் தோல் மருத்துவர் யோகன்னஸ் ஃபேப்ரியும், லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆண்டர்சனும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல், தோலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் பரவிய நோயாளிகளை விவரித்தார்கள். ஆண்டர்சனின் நோயாளிக்குச் சிறுநீரில் புரதமும் போய்க்கொண்டிருந்தது. எனவே இது தோலோடு நிற்கும் நோயன்று என்ற ஐயம் தொடக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் நெடுங்காலம் இது தோல் மருத்துவர்களின் கைப்பொருளாகவே கிடந்தது.

1967இல் அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடியின் குழு, நோயின் வேர் ஒரு நொதிக் குறைபாட்டில் இருப்பதைக் காட்டியது. ஆல்ஃபா கேலக்டோசிடேஸ்-ஏ என்பது அந்த நொதி. உயிரணுவின் கழிவு நீக்கும் அறையான லைசோசோமில் அது வேலை செய்ய வேண்டும். அது இல்லாதபோது ஜிபி-3 என்று சுருக்கமாக அழைக்கப்படும் கொழுப்புப் பொருள் சிதையாமல் தேங்குகிறது. ரத்தக்குழாய்களின் உள்சுவர், நரம்பு, சிறுநீரகம், இதயத்தசை என ஒவ்வோர் இடமாக அது சேர்ந்துகொண்டே போகும்.

நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆகவே நோயுள்ள தந்தை தன் மகள்கள் அனைவருக்கும் அதைக் கொடுக்கிறார், மகன்களுக்குக் கொடுப்பதில்லை. மரபணுவைச் சுமக்கும் தாயின் பிள்ளைகளுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், வாய்ப்பு பாதிக்குப் பாதி.

கடுமையான வடிவம் சிறு வயதிலேயே தொடங்குகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தீப்பட்டாற்போன்ற எரிச்சல், வியர்வை வராமை, வெயில் தாங்காமை, அடிக்கடி வயிற்றுவலி. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியில் தோல் புள்ளிகள். அந்த இடத்தை நம்மவர்கள் மருத்துவரிடம்கூட எளிதில் காட்ட மாட்டார்கள். முப்பது, நாற்பது வயதில் சிறுநீரகமும் இதயமும் மூளையின் ரத்தக்குழாய்களும் பழுதாகின்றன. தாமதமாகத் தலைகாட்டும் வடிவமும் உண்டு. அதில் இளமையில் எந்தத் தொல்லையும் இராது, ஐம்பதைத் தாண்டி இதயம் மட்டும் தடித்து நிற்கும். தைவானில் நடந்த பச்சிளங்குழந்தைப் பரிசோதனைகள், இதயத்தை மட்டும் தாக்கும் மரபணு மாற்றம் ஒன்று அங்கே எதிர்பாராத அளவு பரவியிருப்பதைக் காட்டின. 'அரிய நோய்' என்ற அடைமொழி, தேடிப் பார்க்காத இடத்தில்தான் உறுதியாக நிற்கிறது.

3. இதயம் தரும் சாட்சியம்

இதயச் சுவர் தடித்த நோயாளிகளிடையே ஃபேப்ரியைத் தேடலாம் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியது 1995இல் ஜப்பானில் வெளியான ஆய்வு. இடது கீழறைச் சுவர் தடித்த 230 ஆண்களில் 7 பேருக்கு, அதாவது 3 விழுக்காட்டினருக்கு, ஃபேப்ரி இருந்தது. 2002இல் லண்டன் ஆய்வொன்று, நடுவயதுக்குப் பின் பரம்பரை இதயத்தசைத் தடிப்பு என்று அடையாளம் காணப்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கு உண்மையில் இந்நோய் என்றது. பின்வந்த பெரிய ஐரோப்பிய ஆய்வில் அந்த அளவு 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. யாரைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

அடுத்த கேள்வி, எக்கோ படத்திலேயே இதற்குத் தனி முத்திரை உண்டா என்பது. உண்டு என்றது இத்தாலியின் பியரோனி குழு, 2006இல். இதய உள்படலத்திலும் அதை ஒட்டிய தசையிலும் கொழுப்புப் பொருள் அடர்ந்து சேர்வதால் படத்தில் ஒரு பிரகாசக் கோடு, அதன்கீழ் ஓர் இருண்ட கோடு என இரட்டைத் தோற்றம் தெரியும் என்று அவர்கள் காட்டினார்கள். திசு ஆய்வோடும் ஒப்பிட்டார்கள். நோயுள்ளவர்களில் 94 விழுக்காட்டினரிடம் இது தெரிந்தது என்றும், நோயற்றவர்களில் ஒருவரிடமும் தெரியவில்லை என்றும் அறிக்கை சொன்னது. மருத்துவத்தில் இத்தகைய எண்களைப் பார்த்தால் மகிழ்ச்சியோடு ஐயமும் வர வேண்டும்.

ஐயம் விரைவிலேயே மெய்யானது. 2008இல் கூனாஸ் குழுவும் 2011இல் முண்டிக்லர் குழுவும் அதே அடையாளத்தை, நோயாளி யார் என்று தெரியாத பார்வையாளர்களிடம் கொடுத்துப் பார்த்தன. பெரும்பாலான ஃபேப்ரி நோயாளிகளிடம் இரட்டைத் தோற்றம் தென்படவில்லை. சாதாரணத் தசைத் தடிப்புள்ள சிலரிடம் அது தென்பட்டது. கருவியின் பிரகாச அளவைச் சற்று ஏற்றினாலே கோடு தோன்றும், இறக்கினால் மறையும். ஒருவர் திருகும் குமிழைச் சார்ந்து நிற்கும் அடையாளத்தின்மேல் நோயறிதலைக் கட்ட முடியாது. இந்த அடையாளம் இன்று பாடநூலில் இடம்பெறத் தகுந்தது, தீர்ப்பெழுதத் தகாதது என்பதே என் கருத்து.

இதனால் எக்கோ பயனற்றது ஆகிவிடாது. வேறு சில குறிகள் மேலும் நிதானமாக நிலைபெற்றிருக்கின்றன. ஃபேப்ரியில் தடிப்பு பெரும்பாலும் இதயம் முழுதும் சமமாகப் பரவியிருக்கும். பரம்பரைத் தசைத் தடிப்பிலோ நடுச்சுவர் மட்டும் பெருத்திருப்பது வழக்கம். வால்வுகளைத் தாங்கும் உள்தசைகள் இந்நோயில் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதை ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் குழு 2011இல் எழுதியது. தசையின் நீளவாட்டுச் சுருக்கத்தை அளக்கும் 'ஸ்ட்ரெய்ன்' முறையில், அடிப்பகுதியின் பின்-பக்கச் சுவர் மற்ற இடங்களுக்கு முன்பே சோர்ந்துபோவது தெரியும். எம்.ஆர்.ஐ. படத்தில் தழும்பு முதலில் விழுவதும் அங்கேதான். இரண்டு கருவிகள் ஒரே இடத்தைச் சுட்டும்போது நம்பிக்கை கூடுகிறது.

பெண்களைப் பொறுத்தவரை எக்கோவின் குறை பெரிது. நெடுநாள் அவர்கள் நோயைச் 'சுமப்பவர்கள்' மட்டுமே என்று கருதப்பட்டார்கள். அவர்களுக்கும் நோய் வரும் என்பது இன்று தெளிவு. சுவர் தடிக்காமலேயே இதயத்தில் தழும்பு விழுவது பெண்களில் காணப்படுகிறது. தடிப்பை மட்டுமே அளந்து 'நார்மல்' என்று எழுதும் அறிக்கை அவர்களைக் கைவிடுகிறது.

4. சிறுநீரகம் தரும் சாட்சியம்

சிறுநீரக ஸ்கேனில் கவனிக்க வேண்டியது, சிறுநீர் வந்து சேரும் நடுக்குழியை ஒட்டி வளரும் நீர்க்கட்டிகள். வயது ஏறும்போது பலருக்கும் சிறுநீரகத்தின் வெளிப்புறத்தில் கட்டிகள் வரும், அவை பொதுவாகத் தீங்கற்றவை. நடுக்குழியோரக் கட்டிகள் அவ்வளவு பரவலானவை அல்ல. 2004இல் அமெரிக்காவில் ரீஸும் உடனாய்வாளர்களும் 24 ஃபேப்ரி நோயாளிகளில் பாதிப் பேரிடம் இவற்றைக் கண்டார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த நலமானவர்களில் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. 2018இல் நேப்பிள்ஸின் பிசானி குழு இன்னும் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது நோயாளிகளில் சுமார் 29 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 1.1 விழுக்காடு என்று வந்தது. சிறிய ஆய்வில் பெரிதாகத் தெரிந்த எண் பெரிய ஆய்வில் சுருங்குவது இயல்பு. ஆனால் இரு குழுக்களுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கவில்லை. எக்கோவின் இரட்டைத் தோற்றத்துக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

கட்டிகள் ஏன் அங்கே வருகின்றன என்பதற்கு உறுதியான விளக்கம் இல்லை. நிணநீர்க் குழாய்களின் சுவரிலும் கொழுப்புப் பொருள் தேங்கி அவை விரிகின்றன என்பது ஒரு கருத்து.

நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நடுக்குழியோரக் கட்டி அல்ட்ராசவுண்டில் கருப்பாகத் தெரியும், சிறுநீர் அடைபட்டு விரிந்த குழியும் கருப்பாகவே தெரியும். சிறுநீரகக் கல் மிகுந்த நம் பகுதியில் ஸ்கேன் எடுப்பவர் இரண்டாவதைத்தான் முதலில் நினைப்பார். அறிக்கையில் 'லேசான நீர்க்கோப்பு' என்று எழுதப்படும், நோயாளிக்கு 'கல் வெளியேறியிருக்கலாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று சொல்லப்படும். கருப்புப் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து குழாயாகப் போகின்றனவா, தனித்தனி உருண்டைகளாக நிற்கின்றனவா என்று கருவியைத் திருப்பிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கூட்டம் நிறைந்த ஸ்கேன் மையத்தில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பது அரிது. அடைப்பில்லாத நீர்க்கோப்பு என்று திரும்பத் திரும்ப அறிக்கை வரும் நோயாளியிடம், அது நீர்க்கோப்புதானா என்றே சந்தேகிக்க வேண்டும்.

5. சேர்த்துப் பார்த்தால் வரும் கணக்கு

காரணம் தெரியாமல் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருக்கும் 10,000 ஆண்களை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்த ஆய்வுகள், டயாலிசிஸ் ஆண்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் மூன்று பேருக்கு ஃபேப்ரி இருப்பதாகச் சொல்கின்றன. மூன்று என்றே கொண்டால், 10,000 பேரில் 30 பேர். இவர்களில் 29 விழுக்காடு, அதாவது 9 பேருக்கு நடுக்குழியோரக் கட்டி தெரியும். மற்ற 9,970 பேரில் சுமார் 110 பேருக்கும் அது தெரியும். கட்டி உள்ள 119 பேரில் 9 பேர்தான் நோயாளிகள், கிட்டத்தட்ட 13இல் ஒருவர்.

13இல் ஒருவர் என்பது நோயறிதல் ஆகாது. ஆனால் 333இல் ஒருவர் என்ற தொடக்க நிலையிலிருந்து அது நெடுந்தூரம். மறுபுறம், கட்டி தெரியாத 21 நோயாளிகள் தப்பிவிடுகிறார்கள். எனவே கட்டி இருந்தால் மேலே தேட வேண்டும், இல்லாவிட்டால் நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இந்த எண்கள் வெளிநாட்டு ஆய்வுகளிலிருந்து எடுத்தவை. கணக்கின் போக்கைக் காட்டவே இங்கே பயன்படுகின்றன.

இதோடு இதயத் தடிப்பையும் சேர்த்தால் கணக்கு மேம்படுமா? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். டயாலிசிஸ் தொடங்கும்போதே ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு இதயச் சுவர் தடித்திருக்கும், காரணம் உயர் ரத்த அழுத்தமும், உடலில் உப்பும் நீரும் தேங்குவதும். எல்லோரிடமும் இருக்கும் குறி யாரையும் பிரித்துக் காட்டாது. அதே தடிப்பு, ரத்த அழுத்தம் சீராக இருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரரிடம், சிறுநீரில் சிறிதளவு புரதம் மட்டுமே போகும் நிலையில் தெரிந்தால் அதன் எடை வேறு. இரண்டு ஸ்கேன்களின் கூட்டு மதிப்பு, நோய் முற்றுவதற்கு முன்தான் அதிகம். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த பிறகு எக்கோவைப் புரட்டிக்கொண்டிருப்பதில் பயன் மிகக் குறைவு.

6. நம் ஊரில் இது எப்படி நடக்கும்

இந்தியாவில் நீடித்த சிறுநீரக நோயாளிகளின் பதிவேடு 2012இல் வெளியிட்ட முடிவுகளில், சர்க்கரை நோயால் வந்தவை 31 விழுக்காடு, காரணம் தெரியாதவை 16 விழுக்காடு. அந்த 16க்குள் என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிலும் வெயில், நீர், வேளாண் மருந்து என்று காரணம் தேடுகிறார்கள். அவற்றை ஃபேப்ரியோடு குழப்பக் கூடாது. ஊர் முழுதும் பரவும் நோய் வேறு, ஒரு குடும்பத்துக்குள் ஓடும் நோய் வேறு.

லைசோசோம் நோய்களைப் பற்றிய இந்தியத் தரவு பெரும்பாலும் குழந்தை மருத்துவத்திலிருந்து வருகிறது. அகமதாபாத்தின் ஜயேஷ் சேத் குழு 2014இல் வெளியிட்ட கட்டுரை 387 குழந்தைகளைப் பற்றியது. இத்தகைய தொகுப்புகளில் ஃபேப்ரி மிகச் சிலதான். அது இங்கு இல்லாததாலா, பெரும்பாலும் வயது வந்த பிறகே கண்டறியப்படும் நோயைக் குழந்தைகள் பிரிவில் தேடியதாலா? இரண்டாவது காரணமே பொருத்தமாகப் படுகிறது. தமிழ்நாட்டில் அரிய நோய்களுக்கான சிறப்பு மையமாக ஒன்றிய அரசு ஏற்றிருப்பதும் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைதான். நாற்பது வயதில் இதயம் தடித்துப்போன நெசவாளர் அந்த வாசலை எப்படி வந்தடைவார்?

தறிக்கூடத்தின் புழுக்கத்தில் பட்டுக்குக் கோர்வை போடும் வேலையில், வியர்க்காத பையன் ஒருவன் 'கை கால் எரியுது' என்றால் வீட்டில் அதைச் 'சூடு' என்பார்கள், வெந்தயமும் இளநீரும் கொடுப்பார்கள். வேலைக்குச் சோம்பல் என்ற பேச்சும் வரலாம். பிற்காலத்தில் எக்கோ எடுப்பவர் அந்தப் பையனைப் பற்றிக் கேட்பதில்லை. 'சின்ன வயசுல வெயில் காலத்துல கை கால் எரியுமா, வேர்க்குமா, அம்மா வழியில யாருக்காவது கிட்னி போச்சா?' என்ற கேள்விகளுக்குக் கருவி வேண்டாம். எந்தப் படக்குறியையும்விட இவற்றின் மதிப்பு குறைந்ததன்று.

சொந்தத்தில் மணம் முடிப்பதுதான் பரம்பரை நோய்க்குக் காரணம் என்ற பொதுக்கருத்து இங்கே பாதிதான் பொருந்தும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் உறவுமுறைத் திருமணம் ஏறத்தாழ 28 விழுக்காடு. எக்ஸ் வழியில் வரும் நோய்க்கு உறவுத் திருமணம் தேவையில்லை, ஒரு தாயிடம் மரபணு இருந்தாலே போதும். ஆனால் அக்காள் மகளை மணக்கும் வழக்கத்தை இதில் வைத்துப் பார்க்க வேண்டும். நோயுள்ள ஒருவர் வெளியில் மணந்தால் அவர் மகனுக்கு நோய் வராது. அவருடைய தாய் மரபணுவைச் சுமந்தவர் என்றால், அக்காளிடம் அது இருக்க வாய்ப்பு பாதி, அக்காள் மகளிடம் கால். அவளை மணந்தால் பிறக்கும் மகனுக்கு எட்டில் ஒரு வாய்ப்பு உண்டாகிறது. இல்லாத இடத்தில் நோய் இப்படி நுழைகிறது. குடும்ப மரத்தை வரையும்போது 'மாமன்தான் அப்பா' என்ற தகவல் விட்டுப்போனால் மரமே தப்பாகும்.

கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போகலாமே என்ற யோசனையும் எழும். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் அல்ட்ராசவுண்ட் கருவிகளைப் பதிவுக்கும் இடக்கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்துகின்றன. பெண்சிசுவைக் காக்க வந்த அந்தக் கட்டுப்பாடு தேவையானதே. ஆகையால் முகாம் போட்டு ஸ்கேன் எடுப்பதைவிட, ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஸ்கேன்களை ஒழுங்காகப் படிப்பதே ஆகக்கூடிய வழி. தமிழக அரசு 2023இல் தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தில் சிறுநீரில் புரதம் பார்க்கப்படுகிறது. அதில் பிடிபடும் இளவயதினரிடம் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லையென்றால், ஓர் எக்கோவும் ஒரு ஸ்கேனும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும்.

7. தீர்ப்பு

ஒலியலைப் படம் ஃபேப்ரியை உறுதிசெய்யாது. உறுதிசெய்வது ரத்தம். அர்ஜென்டினாவின் ஆய்வாளர் சமோலஸ் 2001இல் காட்டியதுபோல, வடிதாளில் உலர்த்திய சில சொட்டு ரத்தத்திலேயே நொதியை அளக்கலாம், அந்தத் தாளைத் தபாலிலும் அனுப்பலாம். ஆண்களுக்கு அது பெரும்பாலும் போதும். பெண்களில் நொதி அளவு இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால் மரபணுப் பரிசோதனை கட்டாயம். ஒருவரைக் கண்டுபிடித்தால் அவர் குடும்பத்தில் சராசரியாக மேலும் ஐவர் கண்டறியப்படுவதாக அமெரிக்க ஆய்வொன்று 2008இல் சொன்னது. ஆகவே படத்தில் சந்தேகப்படும் ஒரு கண், ஆறு பேருக்குப் பயன்படலாம்.

கண்டுபிடித்து என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. இரு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் நொதி மருந்து ஐரோப்பாவில் 2001 முதல் இருக்கிறது, சில மரபணு மாற்றங்களுக்கு உதவும் மாத்திரை 2016இல் வந்தது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கை ஃபேப்ரியை மூன்றாம் பிரிவில் சேர்த்திருக்கிறது, 2022 முதல் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். உடல் எடைக்கேற்ப மருந்து கூடுவதால் வயது வந்த ஒருவருக்கு அந்தத் தொகை நெடுநாள் தாங்காது. இருந்தும் மருந்து கிடைக்காதவருக்கும் நோயின் பெயர் தெரிந்தால் ஆகும் காரியம் ஒன்று உண்டு. நம் நாட்டில் சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பத்துப் பெண்கள். ஃபேப்ரி நோயாளிக்கு மாற்றுச் சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்யும், ஏனெனில் கொடுத்தவரின் நொதி அதில் இருக்கிறது. ஆனால் கொடுக்க முன்வரும் தாயோ தங்கையோ அதே மரபணுவைச் சுமந்தால், தன் இரண்டில் ஒன்றை இழந்த பின் அவருடைய நோய் தொடரும்.

காரணம் தெரியாமல் சிறுநீரகம் இழந்த இளைஞருக்கு, அவருடைய தாயோ உடன்பிறந்த பெண்ணோ தானம் தர முன்வந்தால், அறுவைக்கு முன் நோயாளியின் நொதி அளவையும் தானம் தருபவரின் மரபணுவையும் பார்க்குமாறு மருத்துவரைக் கேளுங்கள்.